ஃபோர் வீல் விழலையா? பெட்டியைப் பிரிக்கதுக்கு முன்னாடி ஷாஃப்டைப் பாருங்க

டிராக்டர்ல ஃபோர் வீல் வேலை செய்யலைன்னா அதை முதல்ல சோதிச்சுப் பார்க்க வேண்டியது மெக்கானிக் இல்லை, வண்டிக்காரர்தான். இதுதான் என் கருத்து. மெக்கானிக்கே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. பழுது முன்பக்கமா பின்பக்கமான்னு தெரிஞ்சுக்கிட்டு அவரைக் கூப்பிடுங்கன்னு சொல்லுதேன். அதுக்கு ஒரு ஜாக்கி, நாலஞ்சு கட்டை, கூட ஒரு ஆள், ஒரு மணி நேரம் போதும். ஒரு போல்ட்டைக் கூட கழற்ற வேண்டாம். இது தெரியாததால நல்லா இருக்க பெட்டியை எல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு, உழவு நேரத்துல கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கோம்.

வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு நம்ம ஊர்க் கணக்கைச் சொல்லிடுதேன். தாமிரபரணிப் பாசனத்துல கார், பிசானம்னு ரெண்டு போகம். பாபநாசம் அணை 143 அடி. அதுல இருப்பைப் பார்த்து ஜூன் முதல் தேதி வாக்குல காருக்குத் திறப்பாங்க. இருப்பு இல்லாத வருசம் தள்ளிப் போகும், ரொம்ப மோசமான வருசம் காரே கிடையாது. பிசானத்துக்கு வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கோம். முக்கூடலுக்குப் பக்கத்துல அரியநாயகிபுரம் அணைக்கட்டு, அங்க இருந்து கோடகன் கால் பிரியுது. கால்ல தண்ணி வந்துட்டா எல்லா வயலுக்கும் ஒரே நேரத்துல தொளி உழவு. நாத்தங்கால்ல நாத்து நாள் எண்ணிக்கிட்டு நிக்கும். அந்தப் பத்து நாள்ல உன் வண்டி படுத்துச்சுன்னா வாடகைக்கு வேற வண்டி கிடைக்காது. எல்லார் வண்டியும் எவன் வயல்லயாவது நிக்கும்.

போன பிசானத்துல எங்க மடையில பாயுற வயக்காரர் ஒருத்தருக்கு இதுதான் நடந்தது. ஃபோர் வீல் வண்டி வாங்கி மூணு வருசம். டியூ கட்டுறது நெல்லு காசுல பாதி, வீட்டுல அவுக பீடி சுத்துன காசுல பாதி. தொளியில இறக்குனா பின்சக்கரம் ரெண்டும் குழி தோண்டுது, முன்சக்கரம் சும்மா நிக்குது. லீவரைப் போட்டா 'டக்'குன்னு சரியாத்தான் விழுது. டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல இருந்து ஆள் வந்தாங்க. பார்த்த உடனே, "பெட்டியில காலர் போயிருக்கும் அண்ணாச்சி, இறக்கிர வேண்டியதுதான்"னு சொன்னாங்க. ஆயிலை வடிச்சு, பெட்டியை இறக்கிப் பிரிச்சாச்சு. உள்ள பல்லெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. மூணாவது நாள்தான் ஒரு பையன் முன்பக்கம் படுத்துப் பார்த்தான். ஷாஃப்ட் முன் அச்சுல போய்ச் சேருற இடத்துல கப்ளிங்கைப் பிடிச்சு வைக்கிற லாக் கழண்டு, கப்ளிங் பின்னால நகந்து போயிருக்கு. பத்து நிமிசத்து வேலை. அதுக்குள்ள நாத்து முத்திப் போச்சு. பெட்டி பிரிச்ச கூலியும் கொடுத்தாரு, ஆயில் காசும் கொடுத்தாரு.

அந்த மெக்கானிக்கைத் திட்டுறதுக்காக இதை எழுதலை. அவருக்கும் அன்னைக்கு நாலு இடத்துல இருந்து போன். பழுதைத் தேடுறதுக்கு முன்னாடி அது இல்லாத பக்கத்தைக் கழிச்சுடணும். அந்தப் பழக்கம் நம்மகிட்டயும் இல்லை, அவங்ககிட்டயும் குறைஞ்சு போச்சுன்னுதான் சொல்லுதேன்.

ஃபோர் வீல் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சா மீதி எல்லாம் தானா விளங்கும். இஞ்சின் சக்தி கியர் பெட்டிக்குள்ள போய் பின் அச்சுக்குப் போகுது. அங்க இருந்து முன்னால ஒரு பங்கு பிரிச்சு அனுப்ப, வண்டி வயித்துக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி இருக்கு. அதுக்குள்ள பல்லு வெட்டுன தண்டு மேல ஒரு காலர் முன்னும் பின்னும் நகரும். நாம லீவரைப் போட்டா ஒரு ஃபோர்க் அந்தக் காலரைத் தள்ளி பல்லோட பல்லாக் கோக்குது. கோத்த உடனே வயித்துக்குக் கீழ போற நீள ஷாஃப்ட் சுத்தி, முன் அச்சுக்குச் சக்தியைக் கொண்டு போகுது. அங்க கிரவுன் பினியன், டிஃபரன்ஷியல் வழியா இடம் வலம் பிரிஞ்சு சக்கரத்துக்குப் போகும். சக்கரத்துக்குப் பக்கத்துல குபோட்டா மாதிரி வண்டியில பெவல் கியர் இருக்கும், வேற சில வண்டியில ஹப்புக்குள்ளயே சின்னச் சின்னக் கியர் கூட்டம் இருக்கும்.

இதுல எல்லாமே மூடிக்குள்ள இருக்கு, அந்த நீள ஷாஃப்டைத் தவிர. பெட்டிக்கும் முன் அச்சுக்கும் நடுவுல அது ஒண்ணுதான் கண்ணால பார்க்க முடிஞ்ச சாட்சி. சில வண்டியில அதுக்கும் மேல குழாய் மூடி இருக்கும். அதைத் தள்ளிப் பார்க்க வழி இருந்தா தள்ளிப் பாருங்க.

சோதனைக்கு முன்னாடி ஒரு கேள்வி. உண்மையிலேயே ஃபோர் வீல் விழலையா? தொளியில வண்டி சிக்கும்போது ஒரு ஆளை வரப்புல நிறுத்தி முன்சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு முன்சக்கரமும் அசையாம பின்சக்கரம் மட்டும் சுத்துனா பழுதுதான். ஒரு முன்சக்கரம் வெறுமனே சுத்தி இன்னொண்ணு நின்னா, ஃபோர் வீல் விழுந்துருக்குன்னு அர்த்தம். பிடிமானம் இல்லாத சக்கரத்துக்கு ஓட்டத்தை விடுறது டிஃபரன்ஷியலோட குணம். அது பழுது இல்லை. இதைப் பழுதுன்னு நினைச்சு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுறவங்களும் உண்டு.

இனி சோதனை. வண்டியைக் கெட்டியான சமதளத்துல நிறுத்துங்க. இஞ்சினை அணைச்சு சாவியைக் கையில எடுத்துக்கோங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்க. முன் அச்சு நடுவுல ஊசலாடுற மாதிரி இருக்கதால ஜாக்கி போட்டா ஒரு பக்கம் சாயும். அதனால அச்சுக்கும் வண்டிக்கும் நடுவுல மர ஆப்பு வச்சுட்டு, ஒரு முன்சக்கரத்தை மட்டும் நாலு விரக்கடை தூக்குங்க. அச்சுக்குக் கீழ தடிமனான கட்டை கொடுக்காம கை வைக்காதீங்க. இந்தச் சோதனை முடியுற வரைக்கும் யாரும் இஞ்சினைத் தொடக்கூடாது. ஃபோர் வீல் போட்ட வண்டி ஒரு சக்கரம் தூக்கி இருந்தாலும் மத்த சக்கரத்தால ஜாக்கியை விட்டு இறங்கி ஓடிடும்.

முதல்ல லீவரை ஃபோர் வீல்ல இருந்து எடுத்துட்டு, தூக்குன சக்கரத்தைக் கையால சுத்துங்க. கனமாத்தான் இருக்கும், ஆனா சுத்தும். கூட நிக்கிற ஆள் வயித்துக்குக் கீழ ஷாஃப்டைப் பார்க்கணும், தொடக்கூடாது. சக்கரம் சுத்தும்போது ஷாஃப்டும் சுத்தணும். சக்கரம் சுத்துது, ஷாஃப்ட் அசையலைன்னா வேற சோதனையே வேண்டாம். பழுது முன்பக்கம். பெட்டியைத் தொடாதீங்க.

ஷாஃப்ட் சுத்துனா, அடுத்து லீவரை ஃபோர் வீல்ல போட்டுட்டு அதே சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. லீவர் முழுசா விழலைன்னா சக்கரத்தை லேசா முன்ன பின்ன ஆட்டுனா பல்லு பொருந்தி விழும். இப்போ சக்கரம் சுத்தக்கூடாது. லேசா ஆடும், அது பல்லுக்கு நடுவுல இருக்க இடைவெளி. அதுக்கு மேல போகாம நின்னுட்டா, பெட்டியில இருந்து சக்கரம் வரைக்கும் பிணைப்பு இருக்கு. இறக்கிட்டு அடுத்த முன்சக்கரத்தையும் இதே மாதிரி பார்த்துடுங்க. லீவர் போட்ட பிறகும் சக்கரமும் சுத்துது, ஷாஃப்டும் கூடவே சுத்துதுன்னா பழுது பின்பக்கம்.

இவ்வளவுதான். மூணு பதில், மூணு வழி.

பின்பக்கம்னு தெரிஞ்சாலும் உடனே பெட்டியைப் பிரிக்க வேண்டாம். லீவர்ல இருந்து பெட்டி வரைக்கும் போற கம்பியைப் பாருங்க. அதுல இருக்க பின் தேஞ்சிருக்கும், ஓட்டை பெருசாகி இருக்கும். மேல லீவர் முழுசா நகரும், கீழ கை பாதிதான் நகரும். நம்ம ஊர்த் தொளி அந்த இணைப்புல அப்பிக் காஞ்சு செங்கல் மாதிரி இறுகி நிக்கும், காலர் முழுசா போகாது. கழுவி, பின்னை மாத்தி, கம்பி நீளத்தைச் சரி செஞ்சாலே நிறைய வண்டி விழுந்துரும். அடுத்து ஷாஃப்டோட பின் முனைக் கப்ளிங். அதோட லாக் போய் நகந்திருந்தா ஷாஃப்ட் சுத்தும், பெட்டியில இருந்து வர்ற தண்டு சுத்தாது. இது ரெண்டும் சரியா இருந்தா மட்டும்தான் ஃபோர்க் வளைஞ்சிருக்கா, காலர் பல்லு தேஞ்சிருக்கான்னு பெட்டியைப் பிரிக்கணும். அது மெக்கானிக் வேலை.

முன்பக்கம்னா முதல்ல முன்முனைக் கப்ளிங். வைக்கோல், கயிறு, கம்பி சுத்தி லாக்கை அறுத்திருக்கும். அது நல்லா இருந்தா அச்சோட ஆயில் அடைப்பைத் திறந்து பாருங்க. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி இறங்கியிருக்கு, சீல் போச்சு. இரும்புத் துணுக்கு வந்தா உள்ள பல்லோ தண்டோ உடைஞ்சிருக்கு. ஹப்புல தனியா ஆயில் இருக்க வண்டியில அதையும் தனியாப் பார்க்கணும். நடுவுல மட்டும் ஆயில் பார்த்துட்டு ஹப்பை மறந்துடுறவங்க நிறைய பேரு.

மூணாவது வழி, பிணைப்பு சரியா இருந்தும் வயல்ல இழுக்கலைங்கிறது. லீவர் பாரம் ஏறும்போது தானா கழண்டு விழுதான்னு பாருங்க. விழுந்தா அதைப் பிடிச்சு வைக்கிற ஸ்பிரிங், குண்டு தேஞ்சிருக்கும், இல்லைன்னா பல்லு முனை மழுங்கியிருக்கும். கழண்டு விழலைன்னா டயரைப் பாருங்க. முன்சக்கரம் பின்சக்கரத்தை விடக் கொஞ்சம், சில சதவீதம், கூடுதலாப் போற மாதிரிதான் கம்பெனியில பல் கணக்கு வச்சிருக்காங்க. அந்தக் கொஞ்சம்தான் முன்னால இழுக்குது. முன் டயர் கட்டை மொட்டையாகி, பின்னால புது டயர் போட்டா அந்தக் கணக்கு போச்சு. டயரைக் கழற்றிட்டு கேஜ் வீல் மாட்டும்போதும் அப்படித்தான். கேஜ் வீல் விட்டம் டயர் விட்டத்தோட ஒத்து வரணும். பட்டறையில கண் அளவுல அடிச்சு வாங்குனா, முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு பல்லைத் தின்னும். முன் டயரைத் தலைகீழா மாட்டி, பட்டன் எதிர்ப்பக்கம் பார்த்து இருந்தாலும் சேத்துல பிடிக்காது.

பழுது வர்றதுக்குக் காரணம் என்னன்னு கேட்டா, நான் பார்த்த வரைக்கும் பாதி, லீவரைப் போடுற நேரம்தான். வண்டி சிக்கி, பின்சக்கரம் சுழண்டுக்கிட்டு இருக்கும்போது, "இப்ப போடுல ஃபோர் வீலை!"ன்னு வரப்புல இருந்து ஒருத்தர் கத்துவாரு. ஓட்டுற பையன் போடுவான். சுழலுற பல்லும் நிக்கிற பல்லும் மோதும். நாலு தடவை இப்படிப் போட்டா முனை சிதறிடும். வயலுக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடியே நிறுத்தி, கிளட்சை மிதிச்சு, ஸ்டீயரிங்கை நேரா வச்சு போட்டுக்கிட்டு இறங்கணும். லீவர் விழலைன்னா கம்பி வச்சு நெம்பக்கூடாது. ஒரு முழம் ஊர விட்டுப் போட்டா தானா விழும்.

அடுத்த பாதி, தார் ரோடு. முக்கூடல்ல இருந்து பாப்பாக்குடி வரைக்கும் ஃபோர் வீல்லயே ஓட்டிட்டுப் போறவங்களைப் பார்த்திருக்கேன். சேத்துல டயர் வழுக்கி, முன் பின் வித்தியாசத்தைத் தீர்த்துக்கும். தார்ல வழுக்க இடமில்லை. அந்த முறுக்கு எல்லாம் ஷாஃப்ட்லயும் பல்லுலயும் ஏறி நிக்கும். அப்புறம் லீவர் எடுக்க வராது. அப்ப சுத்தியலைத் தேடாம வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுத்தா முறுக்கு விட்டு லீவர் வந்துரும். இதுக்கு நேர்மாறா, வருசம் முழுக்க லீவரைத் தொடாம விட்டு, இணைப்பு துருப்பிடிச்ச வண்டியும் இருக்கு. மாசத்துக்கு ஒரு நாள் வயக்காட்டு மண்ணுல நாலு எட்டு போட்டு எடுத்தாலே போதும்.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு, வாரண்டி போயிரும்"னு சிலர் சொல்லுவாங்க. இந்தச் சோதனையில எதையும் திறக்கலை, கழற்றலை. வாரண்டி எங்க இருந்து போகும்? சொல்லப்போனா வாரண்டி இருக்கும்போதுதான் இது அதிகம் உதவும். "ஃபோர் வீல் ஓடலை"ன்னு சொன்னா ஆள் வெறுங்கையோட வருவாரு, பார்த்துட்டு நாளைக்கு வாறேன்னு போவாரு. "லீவர் போட்டா சக்கரமும் ஷாஃப்டும் சேர்ந்து சுத்துது, கம்பி பின் எல்லாம் சரியா இருக்கு"ன்னு போன்ல சொன்னா என்ன சாமான் வேணும்னு தெரிஞ்சு கொண்டு வருவாரு. நமக்கு மிச்சமாகுறது ஒரு நாள். தொளி உழவுல ஒரு நாளுங்கிறது சின்ன விஷயம் இல்லை.

"பழைய மெக்கானிக் சத்தத்தை வச்சே சொல்லிடுவாரு"ன்னு இன்னொரு பேச்சு. அப்படிப்பட்டவங்க உண்டு, மறுக்கலை. ஆனா அந்தக் காலத்து வண்டியில முன்சக்கரம் சும்மா உருண்டுக்கிட்டு வந்தது. இப்ப வர்றதுல முன் அச்சு இன்னொரு பின் அச்சு மாதிரி. காது மட்டும் போதாது.

விக்கிறவங்ககிட்டயும் ஒண்ணு கேக்கேன். 2025 செப்டம்பர் 22-ல இருந்து டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. ஃபோர் வீல் வாங்கலாம்னு யோசிக்கிறவங்களுக்கு அது ஒரு தைரியம். நல்லது. ஆனா வண்டி டெலிவரி அன்னைக்கு மாலை போட்டு, சந்தனம் வச்சு, போட்டோ எடுக்கோம். அந்த அரை மணி நேரத்துல ஒரு சக்கரத்தைத் தூக்கி இந்தச் சோதனையைக் காட்டிக் கொடுத்தா என்ன குறைஞ்சிரும்? கூடவே வர்ற புத்தகத்தைத் தமிழ்ல, படத்தோட கொடுங்க. சேறுபட்டாக் கிழியாத ஒரே ஒரு அட்டையில இந்த மூணு பதிலையும் அச்சடிச்சு சீட்டுக்குக் கீழ ஒட்டுனாக் கூடப் போதும்.

வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் இதே கோரிக்கை. இ-வாடகையில வண்டி கொடுக்கிறதும், மானியம் கொடுக்கிறதும் நல்ல காரியம். டிராக்டரைச் சோதிச்சு அறிக்கை கொடுக்கவும், பயிற்சி கொடுக்கவும் மத்தியப் பிரதேசத்துல புத்னியில 1955-ல இருந்து மத்திய அரசு நிறுவனமே இருக்கு. ஆனா புத்னிக்கு நம்ம ஊர்க்காரர் போக முடியாது, அந்தப் பாடம்தான் இங்க வரணும். மே மாசம் கால் காஞ்சு கிடக்கும், வண்டியும் சும்மா நிக்கும். அப்போ அணைக்கட்டுக்கு ஒரு ஊர்னு எடுத்து, களத்துல ஒரு வண்டியை நிறுத்தி அரை நாள் சொல்லிக் கொடுக்கலாம். மேடையும் வேண்டாம், சால்வையும் வேண்டாம். ஜாக்கி போதும்.

அதுவரைக்கும் நாமளே செய்யலாம். கார் தண்ணிக்கு இன்னும் நாள் இருக்கு. வண்டி நல்லா ஓடும்போதே ஒரு தடவை ஜாக்கி போட்டுச் சுத்திப் பாருங்க. நல்ல வண்டியில சக்கரம் எவ்வளவு ஆடுது, ஷாஃப்ட் எப்படித் திரும்புதுன்னு கைக்குத் தெரிஞ்சாத்தான் கெட்ட வண்டியில வித்தியாசம் தெரியும். ஓட்டுற பையனையும் பக்கத்துல வச்சுக்கோங்க. நாளைக்குத் தொளியில வண்டியோட நிக்கப் போறது அவன்தான்.